எட்டு மணிச் செய்தியும் எங்கள் வீடுகளும்

(ஜேர்மனியில் எமது சங்கம் நடத்திய சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை. பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



நடனத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் பேச வருகிறவன் சுருக்கமாகப் பேச வேண்டும் என்பது எழுதாத சட்டம். எனக்குத் தந்த நேரம் பதினைந்து நிமிடம். நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் ஒரு பதினைந்து நிமிடத்தைப் பற்றியதுதான். ஜேர்மனியின் முதலாவது தொலைக்காட்சி அலைவரிசையில் இரவு எட்டு மணிக்கு வருகிற டாகஸ்ஷவ் செய்தியைச் சொல்கிறேன்.

"நல்ல நாளும் பெருநாளுமாய் இவர் என்ன செய்தி வாசிக்க வந்திட்டார்?" என்று சிலர் நினைக்கலாம். வருஷப் பிறப்பன்று பஞ்சாங்கத்தை விரித்து, மழை எப்படி, விளைச்சல் எப்படி, என்ர ராசிக்கு ஆதாயம் எவ்வளவு, விரயம் எவ்வளவு என்று பார்க்கிற வழக்கம் எங்களுக்கு உண்டு. இனி நடக்கப் போவதை அறிய இவ்வளவு ஆவலாக இருக்கிற நாங்கள், நாங்கள் குடியிருக்கிற நாட்டில் இன்றைக்கு என்ன நடந்தது என்பதையும் கொஞ்சம் அறியலாம்தானே.

முதலில் அந்தச் செய்தியின் சரித்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். 1952ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஹம்பேர்க் நகரிலிருந்து அது முதன்முதல் ஒளிபரப்பானது. அந்த நாட்களில் வாரத்துக்கு மூன்று தடவை மட்டும்தான். படமாளிகைகளில் காட்டுவதற்காக எடுத்த செய்திப் படங்களில் மிஞ்சிய துண்டுகளை ஒட்டித்தான் காட்டினார்கள். 1956இலிருந்து ஞாயிறு தவிர்ந்த எல்லா நாளும் வந்தது. 1961இல் ஞாயிறும் சேர்ந்தது. வாசிப்பவரின் முகம் திரையில் தெரியத் தொடங்கியது 1959இல்தான். முதலில் முகம் காட்டியவர்களில் ஒருவரான கார்ல்-ஹைன்ஸ் கொப்கெ 1987 வரை வாசித்தார். 1976இல் டாக்மார் பேர்க்ஹொவ் முதற் பெண்ணாக வந்தார். எங்கள் பிள்ளைகளுக்கு நான் விசேஷமாகச் சொல்ல விரும்புவது 2013ஆம் ஆண்டை. கிரேக்க நாட்டிலிருந்து கூலி வேலைக்கு வந்த பெற்றோருக்கு ஹம்பேர்க்கில் பிறந்த லிண்டா ஸெர்வாகிஸ் என்ற பெண் அந்த வருஷம் எட்டு மணிச் செய்தியை வாசிக்க உட்கார்ந்தார். வெளியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று அந்த மேசைக்குப் போக அறுபது வருஷம் எடுத்திருக்கிறது.

ஜேர்மன்காரர் இந்தப் பதினைந்து நிமிடத்துக்குக் கொடுத்த மரியாதையை நீங்களே கண்டிருப்பீர்கள். இந்த நாட்டில் இரவுப் படங்கள் எட்டே கால் மணிக்குத்தான் தொடங்கும். வேறு அலைவரிசைகளும் அந்தக் கணக்கைத்தான் பிடிக்கின்றன. ஏன் இந்தக் கால் மணிக் கணக்கு என்றால், எட்டு மணிக்குச் செய்தி. பழைய ஆட்களின் வீட்டுக்கு அந்த நேரம் ரெலிபோன் எடுப்பது மரியாதைக் குறைவு என்று ஒரு வழக்கமும் இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கட ஆட்கள் இதை "அரசாங்க ரிவி" என்று சொல்லுவினம். "அது அரசாங்கத்தின்ர செய்தி, அவன் தனக்கு வேண்டியதைத்தான் சொல்லுவான்" என்று சொல்லிப் பொத்தானை அமத்தி அடுத்ததற்குப் போய்விடுவினம். அப்படி நினைப்பதற்கு எங்களுக்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் பார்த்து வளர்ந்த தொலைக்காட்சி ரூபவாஹினி. அது 1982 பெப்ரவரியில் தொடங்கியது. அடுத்த வருஷமே ஆடிக் கலவரம். கொழும்பு எரிந்துகொண்டிருந்த நாட்களில், ஜூலை 28ஆம் திகதி, ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தனா தொலைக்காட்சியில் தோன்றி நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். செத்தவர்களுக்காகவும் வீடு வாசல் இழந்து அகதி முகாமில் கிடந்தவர்களுக்காகவும் அந்த உரையில் ஒரு அனுதாபச் சொல் இருக்கவில்லை. அரசின் பெட்டி என்றால் என்ன என்பதை அன்றைக்கு நாங்கள் படித்துக்கொண்டோம்.

ஜேர்மன் மக்களும் அதைப் படித்தவர்கள்தான். எங்களிலும் பார்க்கப் பயங்கரமான பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தவுடன் மலிவு விலையில் வானொலிப் பெட்டி செய்து வீட்டுக்கு வீடு புகுத்தினார்கள். 1939இல் யுத்தம் தொடங்கியதும் வெளிநாட்டு வானொலி கேட்பது குற்றம் என்று சட்டம் போட்டார்கள். அந்தக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனவர்கள் உண்டு, கேட்டதைப் பரப்பியதற்காக உயிரை விட்டவர்களும் உண்டு. யுத்தம் முடிந்தபின் பிரித்தானியர் தங்கள் பகுதியில் வானொலியைத் திருப்பிக் கட்ட வந்தபோது, பி.பி.சி.யைச் சேர்ந்த ஹியூ கிரீன் என்பவர் அந்தப் பொறுப்பை ஏற்றார். அரசாங்கத்தின் கையிலும் இருக்கக் கூடாது, முதலாளியின் கையிலும் இருக்கக் கூடாது என்பதுதான் அன்று போட்ட அத்திவாரம். 1950இல் மாநில நிலையங்கள் ஒன்றுசேர்ந்து உண்டாக்கிய கூட்டமைப்புத்தான் ஆ.எர்.டே.

அந்த அத்திவாரத்தை ஆட்டிப் பார்த்தவர்களும் உண்டு. பிரதமர் அடேனவர் மத்திய அரசின் கைக்குள் ஒரு தொலைக்காட்சியை உண்டாக்கப் பார்த்தார். மாநிலங்கள் வழக்குப் போட்டன. 1961 பெப்ரவரி 28ஆம் திகதி அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஒரு நாட்டுத் தலைவருக்கு "உனக்கென்று தொலைக்காட்சி கிடையாது" என்று நீதிபதிகள் சொன்னார்கள். நாங்கள் விட்டு வந்த நாட்டில் இப்படி ஒரு தீர்ப்பைக் கற்பனை பண்ணிப் பாருங்கள்.

இப்போதும் கட்சிக்காரரின் செல்வாக்கு அங்கே இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு நிலையத்துக்கும் மேலே ஒரு சபை இருக்கிறது. கட்சிகள், தேவாலயங்கள், தொழிற்சங்கங்கள், பெண்கள் அமைப்புகள், விளையாட்டுச் சங்கங்கள் எல்லாம் அதில் ஆள் அனுப்புகின்றன. இரண்டாவது அலைவரிசையான செட்.டே.எவ்.இன் சபைகளில் அரசியல்வாதிகள் கூடிப்போனார்கள் என்று வழக்கு வந்து, அரசு சார்ந்தவர்கள் மூன்றிலொரு பங்குக்கு மேற்படக் கூடாது என்று 2014இல் அதே நீதிமன்றம் கட்டளையிட்டது. சில மாநில நிலையங்களின் சபையில் வெளிநாட்டிலிருந்து குடிவந்தோரின் பிரதிநிதிக்கும் ஒரு கதிரை உண்டு. எங்கட இளம் பிள்ளைகள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வருகிறது? எங்கள் வீட்டிலிருந்துதான். 2013 தொடக்கம் வீட்டில் பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு இவ்வளவு என்று அறவிடுகிறார்கள். 2021இல் அது மாதம் 18.36 யூரோ ஆனது. அரச உதவியில் வாழ்கிறவர்களும் அகதி உதவிப் பணம் பெறுகிறவர்களும் விண்ணப்பித்தால் விலக்குப் பெறலாம். அதை அறியாமல் கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் சபையில் இருந்தால், பின்னுக்கு மேசையில் இருக்கிற தம்பிமார் படிவம் நிரப்பித் தருவார்கள். மற்றவர்கள் மாதாமாதம் கட்டுகிறோம். காசு கட்டி வாங்கிய பேப்பரை மடித்தபடியே குப்பையில் போடுகிற மாதிரித்தான் இந்தச் செய்தியை நாங்கள் பார்க்காமல் விடுவது.

அன்பர்களே, செய்தியின் அருமை செய்தி கிடைக்காதவனுக்குத்தான் தெரியும். இந்த நாடு இரண்டாகக் கிடந்த காலத்தில் கிழக்கு ஜேர்மனியில் ஏழரை மணிக்கு அரசின் செய்தி வரும். சனங்கள் அதைக் கடத்திவிட்டு எட்டு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு மேற்கின் டாகஸ்ஷவ்வைப் பார்ப்பார்கள். டிரெஸ்டென் பக்கம் பள்ளமான இடம் என்றபடியால் அங்கே அலை எட்டாது. அந்தப் பகுதியை "ஒன்றும் அறியாதோர் பள்ளத்தாக்கு" என்று மற்றவர்கள் பகிடி பண்ணினார்களாம்.

எங்களில் மூத்தவர்கள் சிலருக்கு அந்தக் கிழக்கு ஜேர்மனி தெரியும். சோவியத் விமானத்தில் வந்து கிழக்கு பேர்லினில் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பிரீட்றிக்ஸ்ட்ராச நிலையத்தில் ரெயில் எடுத்து மேற்குப் பேர்லினுக்கு வந்தவர்கள் அவர்கள். 1985இல் மேற்கு ஜேர்மனி நெருக்கியதால் கிழக்கு ஜேர்மனி எங்கட ஆட்களுக்கு அந்த வழியை அடைத்தது. அந்தக் கதை இந்த நாட்டுச் செய்தியில் வந்த காலத்தில், அந்தச் செய்தி யாரைப் பற்றியதோ அவர்களுக்கு அது விளங்கவில்லை.

1989 நவம்பர் 9ஆம் திகதி மாலை, கிழக்கு ஜேர்மனியின் ஷபோவ்ஸ்கி என்ற தலைவர் பத்திரிகையாளர் கூட்டத்தில் தட்டுத் தடுமாறி ஒரு பயண அறிவித்தலை வாசித்தார். எட்டு மணிக்கு டாகஸ்ஷவ் அதை முதற் செய்தியாக, கிழக்கு ஜேர்மனி எல்லையைத் திறக்கிறது என்று போட்டது. பத்தரை மணிக்குப் பிறகு அதே அலைவரிசையின் பிந்திய செய்தியில் ஹான்ஸ் யோவாகிம் பிரீட்ரிக்ஸ், மதிலின் வாயில்கள் அகலத் திறந்து கிடக்கின்றன என்றார். அவர் சொன்ன நேரத்தில் பெரும்பாலான வாயில்கள் அப்படித் திறந்து கிடக்கவில்லை. கேட்ட சனம் வாயிலுக்குப் போய் நின்றது. நள்ளிரவுக்கு முன்னம் பொர்ன்ஹோல்மர் வீதிக் கடவையில் காவலர் தடையைத் தூக்கினார்கள். செய்தி கேட்ட சனத்தால் மதில் விழுந்தது என்று சொன்னால் அதில் பாதிக்கு மேல் உண்மை.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களைச் சொல்லும்போது கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். 1992 ஆகஸ்டில் றொஸ்ரொக் நகரின் லிக்டன்ஹாகன் பகுதியில் வெளிநாட்டவர் இருந்த கட்டடத்துக்கு நெருப்பு வைத்தார்கள். உள்ளே நூற்றுக்கு மேற்பட்ட வியட்நாமியர்களோடு ஒரு தொலைக்காட்சிக் குழுவும் அகப்பட்டிருந்தது. வெளியே சனம் நின்று கைதட்டியது. நவம்பர் 23இல் மொல்ன் நகரில் துருக்கிய வீடுகளை எரித்தார்கள். மூன்று பேர் செத்தார்கள், அதில் இரண்டு பேர் சிறுமிகள். அந்த வருஷம் இந்த நாட்டில் அகதி விண்ணப்பம் செய்தவர்கள் 438,191 பேர். 1993 மே 26ஆம் திகதி பாராளுமன்றம் அகதிச் சட்டத்தை இறுக்கியது. மூன்று நாள் கழித்து சோலிங்கனில் ஒரு துருக்கிய வீட்டில் ஐந்து பெண்களும் பிள்ளைகளும் எரிந்து போனார்கள்.

இவை எல்லாம் எட்டு மணிக்கு எங்கள் அறைகளுக்குள் வந்தவை. முகாமில் ஆறேழு பேராக இருந்து பார்த்தவர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். நெருப்புத் தெரிந்தது. நெருப்புக்கு மொழி தேவையில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1992 டிசம்பர் 6ஆம் திகதி மியூனிச் நகரில் சுமார் 4 லட்சம் பேர் கையில் விளக்கும் மெழுகுதிரியும் ஏந்தித் தெருவில் நின்றார்கள். வெளிநாட்டவரைத் தாக்காதே என்று சொல்ல வந்த சனம் அது. எங்களுக்காக நின்ற சனம். மொழி விளங்காதவனுக்கு அது இருட்டில் கையில் நெருப்போடு நிற்கிற பெருங்கூட்டம். அது எங்களைக் காக்க வந்ததா, எரிக்க வந்ததா என்று எப்படித் தெரியும்? எதிரியைக் கண்டு பயப்படுவது இயற்கை. சிநேகிதனைக் கண்டும் பயப்பட வேண்டி வந்தால் அதைப் போலக் கொடுமை இல்லை. மொழி விளங்காமல் செய்தி பார்ப்பதால் வருகிற நட்டம் அதுதான்.

இன்றைக்கு நிலைமை வேறு என்று சொல்லுவீர்கள். இப்போது எங்கள் கையில் செய்திக்குக் குறைவில்லை. அன்றைக்கு யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பற்றறியும் இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் வானொலி கேட்டோமே, ஒருவர் சுற்ற நாலு வீட்டுச் சனம் சுற்றி இருந்து தமிழோசை கேட்டதே, அந்தப் பஞ்சம் இன்று இல்லை. கைத்தொலைபேசியில் காலையில் எழும்பும் முன்னமே நாற்பது செய்தி வந்து கிடக்கிறது. ஆனால் அந்த நாற்பதில் யார் சொன்னது, எங்கே சொன்னது என்று எத்தனையில் இருக்கிறது?

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. டாகஸ்ஷவ் வாசிக்கும் டொச்சைக் கூர்ந்து கேளுங்கள். ஒரு மந்திரி சொன்னதைச் சொல்லும்போது 'ஹாட்' என்று வர வேண்டிய இடத்தில் 'ஹாபெ' என்று சொல்லுவார்கள். 'இஸ்ட்' வர வேண்டிய இடத்தில் 'ஸை' வரும். டொச் வகுப்புக்குப் போனவர்கள் இந்த இலக்கணத்தில் தலையைப் பிய்த்திருப்பீர்கள். பொருள் என்னவென்றால், இது அவர் சொன்னது, நாங்கள் அதற்குப் பொறுப்பில்லை என்பதுதான். எங்கட அம்மம்மாமார் இதை இலக்கணம் படிக்காமலே பேசினவர்கள். "அவன் வந்தானாம், காசு தந்தானாம்." அந்த ஒரு 'ஆம்' போதும். கண்ணால் கண்டதற்கும் காதால் கேட்டதற்கும் தமிழ் அவ்வளவு நுணுக்கமாக வித்தியாசம் வைத்திருக்கிறது.

அந்த 'ஆம்' இப்போது எங்கள் செய்திகளில் இருந்து கழன்று போய்விட்டது. "எல்லாரையும் திருப்பி அனுப்பப் போறாங்களாம்" என்று ஒருவர் சொன்னதை, அடுத்தவர் "அனுப்பப் போறாங்கள்" என்று அனுப்புகிறார். மூன்றாவது ஆள் "அனுப்பத் தொடங்கிட்டாங்கள்" என்கிறார். அதைக் கேட்டு இரவு நித்திரை இல்லாமல் கிடக்கிற தாய் ஒருத்தி ஒவ்வொரு நகரத்திலும் இருக்கிறாள். நல்ல செய்தியும் இப்படித்தான் கெட்டுப் போகிறது. 2024 ஜூன் 27 தொடக்கம், தகுதி உடையவர் ஐந்து வருஷத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், பழைய குடியுரிமையை விட வேண்டியதில்லை என்று சட்டம் மாறியது. அதை எட்டு மணிச் செய்தியில் கேட்டவர் அடுத்த நாள் அலுவலகத்துக்கு ரெலிபோன் எடுத்தார். வாய்வழியாகக் கேட்டவர் "எல்லாருக்கும் சும்மா குடுக்கிறாங்களாம்" என்று காத்திருந்தார்.

இன்னொன்று. செய்தியையும் அபிப்பிராயத்தையும் அங்கே ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவதில்லை. எட்டு மணிச் செய்தியில் ஆசிரியரின் கருத்து வராது. 1978இல் தொடங்கிய டாகஸ்தேமென் என்ற பிந்திய நிகழ்ச்சியில் கருத்து வரும். அதற்கு முன்னால் இது இன்னாரின் கருத்து என்று சொல்லித்தான் தொடங்குவார்கள். நீங்கள் பார்க்கிற தமிழ் யூரியூப்காரரில் எத்தனை பேர் அப்படிச் சொல்லித் தொடங்குகிறார்கள் என்று ஒரு கிழமை கவனித்துப் பாருங்கள்.

"அதெல்லாம் சரி, எங்கட அழிவை அவங்கள் எத்தனை தரம் காட்டினவங்கள்?" என்று ஒரு கேள்வி எழும்பும். நியாயமான கேள்வி. 2009இல் இந்த நாட்டுத் தெருக்களில் குளிரிலும் மழையிலும் நின்றவர்களின் கேள்வி அது. அந்த நோவை நான் குறைத்துப் பேச மாட்டேன். பதினைந்து நிமிடத்தில் வாசிக்கிறதை அச்சடித்தால் பேப்பரில் ஒரு பக்கம்கூட நிரம்பாது. உலகத்தில் எரிகிற வீடுகளில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று யாரோ சில பேர் ஹம்பேர்க்கில் மேசையைச் சுற்றி இருந்து தீர்மானிக்கிறார்கள். அந்த மேசையில் எங்கட ஆள் இல்லை. பார்க்காமல் விடுவதால் அந்த மேசையில் எங்களுக்குக் கதிரை வராது. அவர்களுக்குப் பிழை தெரிவதற்கு எழுத வேண்டும், நல்ல டொச்சில், ஆதாரத்தோடு, கோபத்தை அடக்கி எழுத வேண்டும். எங்கட பிள்ளைகளில் டொக்டர், எஞ்சினியர் நிறைய வந்துவிட்டார்கள். ஒன்றிரண்டு பேர் பத்திரிகைத் துறைக்குப் போகப் பெற்றோர் விடுங்கோ. "அது சோறு போடாது" என்று தடுக்காதேங்கோ.

கடைசியாக, செய்யக்கூடிய சில காரியங்கள். டொச் முழுக்க விளங்காத பெரியவர்களுக்கு ரிவியில் டெக்ஸ்ட் பொத்தானை அமத்தி 150 என்று அடித்தால் எழுத்து கீழே ஓடும். காதால் விளங்காதது கண்ணால் விளங்கும். 2024 ஜூனில் இலகுவான டொச்சில் ஒரு டாகஸ்ஷவ்வையும் தொடங்கினார்கள். சிறிய வசனம், கடினமான சொல்லுக்கு விளக்கம். அது மொழி படிக்கிறவர்களுக்கு நல்ல வாத்தியார். செய்தி முடிய வருகிற காலநிலையில் இருந்து தொடங்குங்கள். அகதியாக வந்த புதிதில் எங்களுக்கு முதலில் விளங்கியதே அந்தப் படம்தான். வெயிலும் முகிலும் எல்லா மொழியிலும் ஒன்றுதானே.

பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்துங்கள். கடிதம் வந்தால் மொழிபெயர்க்க, டொக்டரிடம் போனால் மொழிபெயர்க்க என்று அவர்களைக் கூப்பிடுகிறோம். அது வேலை. செய்தி பார்க்கும்போது "இது என்னடா சொல்லுறான்?" என்று கேட்டால் அது கதை. பிள்ளை தமிழில் சொல்ல வேண்டி வரும், சொல்லுக்குத் தேடும், நீங்கள் சொல் எடுத்துக் கொடுப்பீர்கள். பாராளுமன்றம், தேர்தல், வரிச்சட்டம் என்ற தமிழ்ச் சொற்கள் தமிழ்ப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்து இறங்கி வாயில் வரும். ஒரே கதிரையில் இருந்து தாய் டொச் படிக்க, பிள்ளை தமிழ் படிக்க, சம்பளம் இல்லாமல் நடக்கிற பள்ளிக்கூடம் அது.

வருஷப் பிறப்பென்றால் பெரியவர்கள் கைவிசேஷம் கொடுக்க வேண்டும். காசு கொடுங்கள், பிள்ளைகளுக்குச் சந்தோஷம். அதோடு இந்த வருஷம் இரவில் ஒரு பதினைந்து நிமிடத்தையும் சேர்த்துக் கொடுங்கள். நாளைக்கே தொடங்கலாம்.

எனக்குத் தந்த நேரம் முடிந்துவிட்டது. சாப்பாட்டு மணமும் வருகிறது.